அஷ்டமிக்காகத் தள்ளிப்போட்ட உயில்

நேற்றுக் காலை லான்மடாவ் தெருவில் இந்த வக்கீல் ஆபீஸ் மாடிக்கு நான் ஏறி வரும்போது எதிரே ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் துணியில் சுற்றிய பத்திரக் கட்டு. படி குறுகல் என்பதால் ஒதுங்கி நின்று, "வந்த வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "எங்கேய்யா? உயில் எழுதணும்னு வந்தேன். இன்னைக்கு அஷ்டமியாம். நல்ல நாளாப் பாத்து வாங்கன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படிச் சொன்னது குமாஸ்தாக்கள் உங்கள் மூவரில் யார் என்று கேட்கமாட்டேன். கேட்டால் மூவரும் உத்தரத்தைப் பார்ப்பீர்கள். நான் ஓய்வு பெற்றவன். இங்கே வருவது பத்திரிகை படிக்கவும் ஓசி டீ குடிக்கவும்தான். ஆனால் கைக்குத்தான் ஓய்வு, வாய்க்கு இல்லை. உயில் எழுதும் முறையைச் சொல்லிக்கொடுங்கள் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். முறையெல்லாம் அந்த அலமாரியில் புத்தகமாக இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை இன்று சொல்கிறேன். இது என் மானம் போன கதை. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி வருஷங்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. இதே மாடியில் ஒரு தமிழ் வக்கீலிடம் குமாஸ்தாவாக ஏழு வருஷம் ஓட்டியிருந்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே எல்லாம் தெரிந்தவன் என்று நடந்தேன். வக்கீல் அதிகம் பேசாதவர். நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அழகா இருக்கு" என்பார். சரியாக இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

வேலாயுதம் என்று ஒருவர். தின்கன்ஜூனில் பத்துப் பன்னிரண்டு பசு வைத்துப் பால் வியாபாரம். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் பாதி வயல்; மாடு மேய இடமிருந்தது. பர்மியப் பெண் மா தின்னை மணந்து பத்து வருஷமாகக் குடித்தனம். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, செல்லி. கடல் தாண்டிச் சொந்த ஊரில் வயதான தாயும் ஒரு தம்பியும். இங்கே சொத்து என்று சொன்னால் அந்தப் பசுக்களும், அவை நின்ற கொட்டகையும், பக்கத்தில் ஒரு பலகை வீடும்.

உயில் அவருக்கு ஏன் முக்கியம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஓர் இந்து பர்மியப் பெண்ணை மணந்தால் அன்றைய கோர்ட்டுகள் அதைப் பெரும்பாலும் கல்யாணமாகவே எடுத்துக்கொள்வதில்லை. பத்து வருஷம் ஒரே அடுப்பில் சோறு பொங்கியிருந்தாலும், அவர் உயில் இல்லாமல் கண்ணை மூடினால் அவளுக்கும் செல்லிக்கும் ஒரு வைக்கோல் கட்டும் கிடையாது. எல்லாம் ஊரில் இருக்கிற தாய்க்கும் தம்பிக்கும் போகும்.

இது வேலாயுதத்துக்கும் தெரிந்திருந்தது. ஒரு நாள் காலைக் கறவை முடிந்ததும் நேராக இங்கே வந்தார். சட்டையில் பால் வாசனை.

"குமாஸ்தாய்யா, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மா தின்னையும் புள்ளையையும் தெருவுல நிறுத்திருவாங்க. ஒரு காயிதம் எழுதிரணும். இன்னைக்கே எழுதிரலாமா?"

நான் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். அஷ்டமி. நம் ஆட்களிடம் உயில் பேச்சை எடுத்தாலே எமனுக்கு ஆள் அனுப்பியது போல முகம் சுளிப்பார்கள். அதனால் குமாஸ்தாக்கள் நாங்கள் நாள் பார்த்து எழுதுவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தோம். அஷ்டமி, நவமி என்றால் பேனாவைத் தொடமாட்டோம். "இன்னைக்கு வேணாம் அண்ணே. புதன்கிழமை வாங்க, நல்ல நாள்" என்றேன்.

அவர் சிரித்தார். "மாடு கறக்க அஷ்டமி பாக்குறதில்லையே, குமாஸ்தாய்யா."

"மாடு வேற, உயில் வேற" என்று சட்டம் படித்தவன் மாதிரி சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். புதன்கிழமை ஒரு பசு கன்று போட்டதாம், வரவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. நான் ஆள் அனுப்பி நினைவுபடுத்தவில்லை. வக்கீலிடமும் சொல்லவில்லை. வந்தவர் வரவில்லை என்றால் அது அவர் பாடு என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, கீழே தெருவிலிருந்து யாரோ கூப்பிடும் குரல். எட்டிப் பார்த்தால் மா தின். தலை கலைந்திருந்தது. "மேலே வாம்மா" என்றேன். வரமாட்டேன் என்று கையை ஆட்டினாள். அம்மை கண்ட வீட்டிலிருந்து வருகிறவள் அடுத்தவர் படியை மிதிக்கக் கூடாது என்று நம் ஆட்களிடமிருந்து கற்றிருந்தாள். பர்மியர் மரியாதையாகச் சொல்லும் 'சயா' என்ற சொல்லால்தான் என்னை அழைப்பாள்.

"சயா, அவருக்கு அம்மை. பேசுறார், ஆனா ரொம்ப நேரம் பேச முடியல. பேப்பர் எழுதணும்னு சொல்றார். இன்னிக்கே, சயா."

வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போனதை என் முகத்தைப் பார்த்தாலே தெரியும். மறுபடி வராது என்ற தைரியத்தில் பேனாவையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு என்ன திதி என்று பார்க்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. இப்போது கவனமாகக் கேளுங்கள். சட்டம் அப்போதுதான் மாறியிருந்தது. அதற்கு முன் இங்கே இந்துக்களின் உயிலுக்கு இத்தனை கெடுபிடி இல்லை. புதுச் சட்டப்படி இரண்டு சாட்சி வேண்டும். எழுதிக்கொடுப்பவர் கையெழுத்து வைப்பதைச் சாட்சி கண்ணால் பார்க்க வேண்டும், அல்லது 'இது நான் வைத்தது' என்று அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். அதன் பிறகு சாட்சி கையெழுத்துப் போடுவது அவர் பார்வைக்கு எட்டும் இடத்தில் நடக்க வேண்டும்.

சாட்சிக்கு நான் கூப்பிட்டது இருவரை. ஒருவர் தெருமுனை மளிகைக்கடை ராவுத்தர், நாகப்பட்டினத்துக்காரர். இன்னொருவர் குப்புசாமி, வைக்கோல் வண்டி ஓட்டுகிறவர். இருவரும் கொட்டகைப் பக்கம் வரை வந்தார்கள். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. "ஆத்தா இறங்கியிருக்கிற வீடுங்க. குளிக்காம கொள்ளாம நான் எப்படி உள்ள வர்றது?" என்றார் குப்புசாமி. ராவுத்தருக்கு மாரியம்மன் பயமில்லை, நோய்ப் பயம். நான் வற்புறுத்தவில்லை. அம்மை வீட்டுக்குள் அயலாரை அழைப்பது எனக்கே தப்பாகப் பட்டது.

உள்ளே வேலாயுதம் வாழையிலை மேல் கிடந்தார். ஒருபக்கச் சுவர் மூங்கில் தட்டி. அதை மா தின் மேலே தூக்கிக் கழி கொடுத்து நிறுத்தியிருந்தாள். வெளிச்சமும் காற்றும் நேராக அவர்மேல் விழுந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மை வீட்டுல இப்படியா தொறந்து போடுவாங்க? எறக்கும்மா தட்டிய! நம்ம வழக்கம் தெரியாதா உனக்கு?" என்று கத்தினேன்.

"அவருக்கு மாடு பாக்கணுமாம், சயா" என்றாள். இறக்கவில்லை. பர்மாக்காரிக்கு எங்கே தெரியப்போகிறது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எழுத உட்கார்ந்தேன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வீடும் கொட்டகையும் பசுக்களும் மா தின்னுக்கு, அவளுக்குப் பிறகு செல்லிக்கு. ஊரில் உள்ள குடும்பச் சொத்தில் தன் பங்கு முழுவதும் தம்பிக்கு. மா தின் என்ற பெயருக்கு முன்னால் 'என் மனைவி' என்று எழுதச் சொன்னார். எழுதி, மறுபடி படித்துக் காட்டச் சொல்லி, அந்த இடம் வந்ததும் கண்ணை மூடித் திறந்தார். அவர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். ஆனால் விரலெல்லாம் கொப்புளம், பேனா நிற்கவில்லை. கடைசியில் விரலை மையில் தோய்த்து ஒரு கோடு இழுத்தார்.

நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கவிழ்த்து வைத்திருந்த பால் கேன் மேல் வைத்து இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். மேலே என் முத்தான எழுத்தில், 'எங்கள் கண்ணெதிரே அவர் அடையாளமிட, அவர் முன்னிலையில் நாங்கள் கையொப்பமிட்டோம்' என்று எழுதியிருந்தேன். படிவத்தில் அப்படித்தான் இருந்தது. இது நடந்ததா என்று ஒரு கணம் என் மனசு கேட்டது. பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் வேலாயுதம் போய்விட்டார்.

ஊரிலிருந்து தம்பி வந்து இறங்கினார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தாயைத் தனியாகச் சுமந்தவர். அண்ணன் சம்பாதித்ததில் தனக்கும் உண்டு என்று நம்பினார். "எங்கண்ணன் அழகாக் கையெழுத்துப் போடுவாரு. இந்தக் கோடு யார் இழுத்ததோ!" என்றார். உயிலை மெய்ப்பிக்க வக்கீல் கோர்ட்டில் மனு போட்டதும் அவர் எதிர்த்து மனு போட்டார். கையெழுத்து இல்லை, வெறும் கோடு. ஆகவே வழக்கு முழுதும் சாட்சிகள் தலையில் விழுந்தது. குப்புசாமி அந்த மாதமே ஊருக்குக் கப்பலேறியிருந்தார். எந்த ஊர், யாருக்கும் தெரியாது. மிச்சம் இருந்தது ராவுத்தர் ஒருவர். ஒரு சாட்சி வந்து சொன்னால் போதும். விசாரணைக்கு இரண்டு வாரம் இருந்தது.

அந்த நிலையில் ஒரு காலை மா தின் படியேறி ஓடி வந்தாள். "சயா, ராவுத்தர் கடை பூட்டியிருக்கு. பொண்ணுக்குக் கல்யாணமாம். இன்னிக்குக் கப்பல்."

வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். அவர் பதறவில்லை. "ஊரை விட்டுப் போற சாட்சியை அன்னைக்கே விசாரிக்கச் சொல்லி மனு போடலாம். நான் ஜட்ஜைக் கேட்கிறேன், எதிர் வக்கீலும் அங்கேதான் இருப்பார். நீ ஆளைக் கொண்டுவா" என்றார். கப்பல் பகல் ஒரு மணிக்கு.

போட்டாதாங் துறைக்குக் குதிரை வண்டியில் போய் இறங்கினேன். மூட்டையும் முடிச்சுமாக ஜனம். அம்மை குத்திய சீட்டைக் காட்டி ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வரிசை பாதிக்கு மேல் கரைந்திருந்தது. ராவுத்தரை அவர் பச்சைத் தகரப் பெட்டியால்தான் கண்டுபிடித்தேன். அவருக்கு முன்னால் பத்துப் பேர் இருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"வர்றதப் பத்தி அப்புறம் பேசுவோம், குமாஸ்தாய்யா. வந்தா நான் குர்ஆன் மேல கை வச்சு உண்மையத்தான் சொல்லுவேன். அவர் விரல் வச்சத நான் பாக்கல. நீங்கதான் காயிதத்தக் கொண்டாந்தீங்க. நாங்க வெளிய நின்னோம்."

மூன்று மாதமாக நான் எனக்கே சொல்லாமல் வைத்திருந்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இப்போது என் மூளை ஓடிய ஓட்டத்தைச் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. சாட்சிகள் யாரும் அகப்படவில்லை என்றால், அவர்கள் கையெழுத்தையும் எழுதிக்கொடுத்தவர் அடையாளத்தையும் வேறு ஆளை வைத்து மெய்ப்பிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அந்த வேறு ஆள் நான்தான். ராவுத்தர் கப்பலேறிவிட்டால், கூண்டில் ஏறி நான் சொல்வதுதான் வேதம். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று ஒரே ஒரு பொய். மா தின்னும் பிழைப்பாள், என் பிழையும் மறையும். ராவுத்தரை இழுத்துப்போனால் இரண்டும் போகும்.

குனிந்து அவர் பெட்டியின் ஒருபக்கப் பிடியைத் தூக்கினேன். "சரி, போங்க ராவுத்தரே. கல்யாணம் நல்லா நடக்கட்டும்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். வரிசை நகர்ந்தது. இருவருமாகப் பெட்டியை நான்கு அடி முன்னே வைத்தோம்.

ராவுத்தர் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். என்னிடம் பேசியதா, தனக்குத்தானே பேசியதா தெரியாது. "ஆனாலும் அந்தக் கொரலு காதவிட்டுப் போக மாட்டேங்குது. 'ராவுத்தரே, நான் வச்சுட்டேன், நீங்களும் போடுங்க'ன்னு உள்ளேருந்து சத்தம் போட்டாரே. அந்த மொகத்த ஏன் பாத்தோம்னு ஆயிருச்சு."

என் கை பெட்டியிலேயே நின்றுவிட்டது. குரலா? நான் கேட்கவில்லை. மை கொட்டிவிடுமோ என்று பால் கேனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கன்று கத்திக்கொண்டிருந்தது. முகமா? வெளியே நின்றவர் முகத்தை எப்படிப் பார்த்தார்? அப்போதுதான் தட்டி நினைவுக்கு வந்தது. நான் இறக்கச் சொன்ன தட்டி.

கேள்விகள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. எங்கே நின்றீர்கள், எத்தனை அடி, அவர் உங்களைப் பார்த்தாரா? அப்போது எப்படியோ எனக்குப் புத்தி வந்தது. இவரிடம் நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டாலும், கோர்ட்டில் அவர் சொல்வது என் பேச்சாகிவிடும். துறைமுகத்தில் உன்னிடம் குமாஸ்தா என்ன கேட்டார் என்பதுதான் எதிர் வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினேன். என் உத்தியோக காலத்தில் நான் பேசி ஜெயித்ததைவிட அந்த ஒரு தடவை பேசாமல் ஜெயித்ததுதான் பெரிது.

"ராவுத்தரே, என்னை மன்னிச்சிருங்க. நீங்க கோர்ட்டுக்கு வரணும்" என்றேன்.

"இப்பத்தானே போகச் சொன்னீங்க?"

"தப்பாச் சொன்னேன்."

"நான் வந்து என்ன சொல்லணும்?"

"நடந்ததை. நான் சொல்லித்தர மாட்டேன். நீங்களும் என்கிட்ட அதப் பத்திப் பேசாதீங்க."

"கப்பல் போயிருமா?"

பிடித்துவிடலாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. "போனாலும் போயிரும்" என்றேன். அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம் இருந்தது. அவருடைய மகளின் நிக்காஹ் அதற்குள் முடிந்துவிடும்.

அவருக்கு முன்னால் இப்போது இரண்டே பேர். ராவுத்தர் கப்பலைப் பார்த்தார். "எம்மவளுக்கு அவ சின்னாப்பா இருக்காரு, எடுத்துச் செய்வாரு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "செல்லிக்கு யாரும் இல்ல" என்றார். பெட்டியை அவரே திருப்பித் தூக்கினார்.

கோர்ட்டு வாசலில் வக்கீலைத் தனியே இழுத்து நடந்ததையெல்லாம் கொட்டினேன். அஷ்டமியில் தொடங்கினேன். பால் கேனை மறைக்கவில்லை, பெட்டியைத் தூக்கியதையும் மறைக்கவில்லை. அவர் என்னை அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அழகான கையெழுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முந்தைய வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. ராவுத்தர் கூண்டில் ஏறும்போது மணி பன்னிரண்டரை. வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: "அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க." பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். ராவுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவர் விரல் வச்சத நான் பாக்கல" என்று ஆரம்பித்தார்.

எதிர் வக்கீல் எழுந்துவிட்டார். இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது என்றார். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். மா தின்னுக்கு அந்த அளவுத் தமிழ் புரியும். மடியிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஜட்ஜ் கையமர்த்தி, "பார்க்கவில்லை என்றால் எதற்காகக் கையெழுத்துப் போட்டீர்?" என்று தானே கேட்டார்.

அந்த நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து கப்பலின் சங்கு நீளமாக ஊதியது. ராவுத்தர் ஜன்னலைப் பார்த்தார். சங்கு ஓய்ந்ததும் ஜட்ஜ் பக்கம் திரும்பினார்.

"அவர் எங்கிட்டச் சொன்னாருங்க. தட்டியத் தூக்கி வச்சிருந்தாங்க. படுத்திருந்தவரு தலையத் திருப்பி என்னையும் குப்புசாமியையும் பாத்தாரு. 'ராவுத்தரே, நான் வச்சுட்டேன், நீங்களும் போடுங்க'ன்னாரு. குப்புசாமி போட்டான், நான் போட்டேன். நாங்க போட்டு முடிக்கிற வரைக்கும் அவரு எங்களப் பாத்துட்டே இருந்தாரு. அந்த மொகத்தப் பாத்துட்டு யாரால மாட்டேன்னு சொல்ல முடியும்?"

ஜட்ஜ் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பேனாச் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து, குறித்த தேதியில் என் முறை வந்தது. எதிர் வக்கீல் சரியான இடத்தில் கை வைத்தார். "நீர் பக்கத்தில் நின்றீரே, அந்தக் குரலைக் கேட்டீரா?" கேட்டேன் என்று சொன்னால் வழக்கு முடிந்தது. துறைமுகத்துப் பொய் வேறு சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்து நின்றது. "கேட்கவில்லை. கன்று கத்திக்கொண்டிருந்தது" என்றேன். "அப்படியானால் தட்டி திறந்திருந்தது மட்டும் எப்படித் தெரியும்?" என்றார் அவர், ஏளனமாக.

"நான்தான் அதை இறக்கச் சொல்லி அந்த அம்மாளைத் திட்டினேன். அம்மை வீட்டைத் திறந்துவைப்பது எங்களில் வழக்கமில்லை. கணவர் மாட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்த அம்மாள் இறக்கவில்லை" என்றேன்.

எதிர் வக்கீல் உயிலை எடுத்து நீட்டினார். 'எங்கள் கண்ணெதிரே அவர் அடையாளமிட' என்ற வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "இது உண்மையா?" "இல்லை." "எழுதியது யார்?" "நான்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்தப் பூசணிக்காயை நானே எடுத்து இலையில் வைத்தேன். கூண்டிலிருந்து இறங்கும்போது காதெல்லாம் எரிந்தது.

உயில் நின்றது. தீர்ப்பில் ஜட்ஜ் எழுதிய காரணம் இரண்டு: பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொன்ன சாட்சி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாத குமாஸ்தா. அதற்கு அடுத்த வரியிலேயே, இந்தக் குமாஸ்தாவின் அலட்சியத்தால் ஒரு குடும்பம் அநேகமாகத் தெருவுக்கு வந்திருக்கும் என்றும் எழுதினார். அந்தப் பக்கத்தின் நகல் என் பெட்டியில் இருக்கிறது. வேண்டுமானால் வந்து படித்துக்கொள்ளுங்கள்.

ராவுத்தர் அடுத்த கப்பலில் போனார். நிக்காஹ் முடிந்து மகள் புகுந்த வீட்டுக்குப் போன பிறகுதான் அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்தும் ஒரு நாளும் அதை எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. நானே ஒரு முறை பேச்செடுத்தேன். "விடுங்க, பேரப்புள்ளையப் பாத்தாச்சு" என்றார். என்னால் அதை இன்றுவரை விட முடியவில்லை. அவருடைய மகள் கல்யாணத்தை அவர் பார்க்காமல் போனதற்குக் காரணம் கப்பல் அல்ல, கோர்ட்டும் அல்ல. ஓர் அஷ்டமி.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டுத் தாழ்வாரத்தில் மா தின் என் எதிரே வந்து நின்றாள். கும்பிடப்போகிறாள் என்று நினைத்து நான் கூச்சப்பட்டேன். அவள் கும்பிடவில்லை.

"சயா, மொதல்ல அவர் நல்லா இருந்தப்போ இங்க நடந்தே வந்தார். அன்னிக்கு ஏன் எழுதல?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அஷ்டமி என்றால் என்ன என்று அவளுக்கு நான் எந்த மொழியில் சொல்வேன்? எதிர் வக்கீலுக்குப் பதில் சொன்னவன் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவள் கறவை நேரமாகிவிட்டது என்று குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

சரி. நேற்றுப் படியில் பார்த்த மனிதரின் பின்னாலேயே இறங்கிப் போய் அவர் பெயரையும் தெருவையும் கேட்டு எழுதிக்கொண்டேன். இதோ, மேஜை மேல் வைக்கிறேன். அவருக்கு இரண்டு பெண்களாம், நெஞ்சுவலியாம். நெஞ்சுவலியைப் பற்றி உங்களில் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இன்று நவமி. அது எனக்கும் தெரியும். பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.